மருமகனுக்கு எந்த ரவை?

“மாமா, எந்த ரவை நல்லது?” என்று மருமகன் வட்ஸ்அப்பில் கேட்டபோது ஸ்பீக்கர் போட்டிருந்தேன். குசினிக்குள் இருந்து மனைவி மறுமொழி சொன்னா: “வறுத்ததாப் பார்த்து வாங்கச் சொல்லுங்கோ. வறுக்காதது கட்டிபடும்.”

அவன் கேட்டது உப்புமா ரவை இல்லை, துவக்கு ரவை. அக்காவின் இளையவன். கல்கரியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் நல்லாக் கதைப்பான், வாசிக்க வராது. துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணி, அனுமதி அட்டையும் கைக்கு வந்துவிட்டது. இந்த இலையுதிர் காலத்தில் முதல் தடவையாக அல்பேர்ட்டாப் புல்வெளிக்கு வேட்டைக்குப் போகப்போகிறான். ஒரே ஒரு றைபிள்தான் வாங்குவானாம். அது காற்றாய் ஓடுகிற ப்ரோங்ஹோர்னுக்கும் சரிவரவேணும், கழுதைக் காது வைத்த மியூல் மானுக்கும் சரிவரவேணும், எங்கள் மரைக்குப் பெரியண்ணன் மாதிரியான எல்க்குக்கும் சரிவரவேணும். அதோடு தூரம் போனாலும் தாழாமல் மட்டமாய்ப் போகிற ரவையாக இருக்கவேணும். “மட்டமான ரவை” என்று அவன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகோணமலையில் எந்தக் கடையில் போய் அப்படிக் கேட்டாலும் உழுத்துப்போனதைத்தான் எடுத்துத் தருவான்.

பதினேழு வருடம் அந்த ஊரில் லொறி ஓடி, அதில் பதினொரு பருவம் வேட்டைக்கும் போய்விட்டு வந்து, இப்போது உப்புவெளியில் முருங்கைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறவன் நான். போனில் சொன்னால் பாதி அவனுக்குக் காதோடு போய்விடும். எழுதிவிட்டால் அக்கா வாசித்துக் காட்டுவா. வாசிக்கிற சாட்டில் நடுவில் நாலு ஏச்சும் விழும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்க முதல் ஒன்று. நான் சொல்லப்போவது அல்பேர்ட்டாக் கதை. இங்கே மான், மரை சுடுவது குற்றம். கமக்காரனுக்குப் பயிர் காக்க அனுமதிப்பத்திரத்தோடு கிடைப்பது சொட்கன், அதையும் வருடா வருடம் புதுப்பிக்கவேணும். இதை வாசித்துவிட்டு ஒருவரும் கந்தளாய்க் காட்டுக்குள் இறங்கவேண்டாம்.

துவக்கு எனக்குக் கனடாவில் அறிமுகமானதில்லை. தம்பலகாமத்தில் அப்பாவுக்கு வயல் இருந்தது. கதிர் பால்பிடிக்கிற நாட்களில் பன்றி இறங்கும். அப்பாவிடம் ஒற்றைக்குழல் 12 போர் ஒன்று. அந்தக் குழலுக்கு அளவான ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல், அதனால் 12 போர். இதை எனக்குச் சொல்லித்தந்தது பள்ளிக்கூடம் இல்லை, அப்பா. பரணில் அவருக்குப் பக்கத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். எஸ்ஜி தோட்டாவுக்குள் ஒன்பது குண்டு. வரப்பில் முப்பதாவது கவட்டில் வெள்ளைத் துணி கட்டிய தடி ஒன்று நாட்டியிருப்பார். தடிக்கு அந்தப் பக்கம் பன்றி நின்று வயலையே உழுதாலும் அப்பாவின் விரல் விசைக்குப் போகாது. இந்தப் பக்கம் வந்தால் ஒரே வெடி.

எண்பதுகளில் அந்தத் துவக்கு போய்விட்டது. யாரிடம் போனது, எப்படிப் போனது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது பன்றிக்கென்று வெடிமருந்தைப் பூசணிக்காய்க்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை யானைக்குட்டி கடித்து, வாய் சிதறி, தின்ன ஏலாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. அப்பாவின் தடி எவ்வளவோ மேல்.

கல்கரியில் முதல் றைபிள் வாங்கப் போனபோது அந்தத் தடியை நான் சுத்தமாக மறந்துபோனேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒன்று வேணுமென்றால் இதுதான் என்று 7 மில்லிமீற்றர் ரெமிங்டன் மக்னத்தை எடுத்து வைத்தார். மக்னம் என்றால் மருந்து கூடப் பிடிக்கிற ரவை. அவர் சொன்னது பொய் இல்லை. 1962இல் ரெமிங்டன் 700 துவக்கோடு சேர்ந்து வந்த ரவை அது. ரவையின் நுனியில் இருந்து பறக்கிற துண்டுதான் சன்னம். 150 கிரெய்ன் நிறையுள்ள சன்னத்தை, அதாவது பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைந்ததை, நொடிக்கு ஏறத்தாழ 3,100 அடி வேகத்தில் தள்ளும். வெளியான இடத்தில் தூரத்தில் நிற்கிற எல்க்குக்கு அதைக் குறைசொல்ல ஒருவராலும் முடியாது. அப்போது என் நிறை 61 கிலோ. அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குறி சரிபார்க்க முதல் நாள் மேசையில் வைத்து ஒரு பெட்டி முழுக்க, இருபது ரவை சுட்டேன். ஏழாவதிலோ எட்டாவதிலோ தொலைநோக்கியின் விளிம்பு பின்னுக்கு வந்து வலது புருவத்தில் பிறை மாதிரி வெட்டியது. சவரம் செய்கிற நேரம் இப்போதும் தெரியும். அடுத்த நாள் தோள் நாவற்பழ நிறம். ஆம்பிளை என்றால் இதெல்லாம் பழகும் என்று நினைத்துக்கொண்டு பிறகும் இரண்டு பெட்டி சுட்டேன். பழகியது உண்மைதான், ஆனால் எனக்குப் பழகியது பயம். அது பிறகுதான் விளங்கியது.

நவம்பரில் ஹன்னா என்ற ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் மியூல் ஆண் ஒன்று, 180 யார் (ஒரு யார் மூன்று அடி) தூரத்தில், பக்கம் காட்டி நின்றது. சின்னப் பிள்ளைகூடத் தவறவிடாத வெடி. சுட்டேன். பின்தொடையில் பட்டது. பனியில் இரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை நடந்தேன். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு அங்கே சுடக்கூடாது, கண்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது. காலையில் திரும்பப் போனபோது கொயோட்டி நரிகள் முந்திவிட்டன. அந்தக் கொம்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

என்னோடு லொறி ஓடிய உக்ரேனியப் பரம்பரைக் கிழவர் ஒருவர் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஞாயிறு என்னைச் சூட்டுத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “நீ திரும்பி நில், துவக்கை நான் நிரப்பித் தருகிறேன்” என்றார். முதல் ரவை வெடித்தது, இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். மனிதர் எனக்குத் தெரியாமல் சுட்டு முடிந்த வெறுங்கோதைப் போட்டுத் தந்திருக்கிறார். வெடிக்காத துவக்கின் குழல் முனை ஒரு சாண் கீழே போய்க் கும்பிட்டது. கண் இறுக்கி மூடியிருந்தது. வலது தோள் முன்னுக்குப் பாய்ந்திருந்தது. கிழவர் சிரிக்கவில்லை. “மானின் தொடையில் சுட்டவன் இவன்தான்” என்றார்.

அந்த மாதமே அதை விற்றுவிட்டு, வேறொருவர் பாவித்த 270 வின்செஸ்டர் ஒன்று வாங்கினேன். கனடாவை விட்டு வரும்வரை வேறு துவக்கு வாங்கவில்லை.

270 ஒன்றும் புதுச் சாமான் இல்லை. 1925இல் வின்செஸ்டர் தன்னுடைய மொடல் 54 துவக்கோடு கொண்டுவந்தது. அமெரிக்க இராணுவத்தின் 30-06 குடும்பத்து ரவையின் கோதை, அதாவது மருந்து நிரப்புகிற பித்தளைக் கூட்டை, கழுத்தில் சுருக்கி, மெல்லிய சன்னம் ஒன்றைச் செருகினால் 270. 130 கிரெய்ன் சன்னம் நொடிக்கு ஏறத்தாழ 3,060 அடி. ஜாக் ஓகானர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் வாழ்நாள் முழுக்க இதைப் புகழ்ந்தே எழுதிப் பிரபலமாக்கினார். பெயர்களைப் பார்த்து மருமகன் குழம்பக்கூடாது. 270இன் சன்னம் உண்மையில் 0.277 அங்குலம். 7 மில்லிமீற்றர் என்பது 0.284. 30-06இல் 06 என்பது 1906ஆம் ஆண்டு. 308க்கும் 30-06க்கும் சன்னத்தின் விட்டம் ஒன்றே, கோதுதான் வேறு. பெயர் வைத்தவர்கள் ஒருவரோடொருவர் கதைபேச்சு இல்லாதவர்கள் போல.

இனி அவன் கேட்ட மட்ட விஷயம். எந்த ரவையும் நூல் பிடித்தமாதிரி நேராகப் போகாது. குழலை விட்ட நொடியிலிருந்து விழத் தொடங்கும். கெற்றப்போலால் மாங்காய்க்கு அடித்த எல்லாருக்கும் இது தெரியும். கல் கொஞ்சம் மேலே போய்த்தான் மாங்காய்க்கு வரும். றைபிளும் அப்படியே. குழலை ஒரு மயிரளவு மேலே பார்க்கவைத்து, கண்ணின் கோட்டை ஓரிடத்தில் சன்னத்தின் வளைவு வெட்டும்படி தொலைநோக்கியைத் திருகி வைக்கிறோம். வேகம் கூடினால் விழ நேரம் குறைவு, அதனால் வளைவும் குறைவு. மட்டமாய்ப் போகிற ரவை என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

எவ்வளவு குறைவு என்று பார்த்தால்தான் பகிடி. 200 யாரில் சரியாகக் குறி வைத்த துவக்குகளை எடுத்துக்கொள்வோம். 300 யாரில் 270 தாழ்வது ஆறரை, ஏழு அங்குலம். நான் விற்ற 7 மக்னமும் கிட்டத்தட்ட அதே. 308இல் 150 கிரெய்ன் போட்டால் எட்டு அங்குலமளவு. இப்போது எல்லாரும் கதைக்கிற 6.5 கிரீட்மோரும் எட்டுக்குக் கொஞ்சம் முன்பின். எங்கள் ஊர்ப் பொலிசின் தோளில் ஒரு காலத்தில் தொங்கிய கிழட்டு 303 பத்தைத் தாண்டும். ஆக, கடைக்காரரும் இணையமும் அடிபடுகிற 270க்கும் 308க்கும் நடுவில் 300 யாரில் இருக்கிற வித்தியாசம் இரண்டு விரல் அகலமும் வராது. 400 யாரில் 270 ஏறத்தாழ 19, 20 அங்குலம் தாழும். 308 இருபத்துமூன்று, இருபத்துநாலு. அங்கேயும் அரைச் சாண்தான்.

ஆனால் 400 யாரில் நிற்கிற மானை 300 என்று நினைத்துச் சுட்டால்? 270ஆலேயே பதின்மூன்று அங்குலம் பிழைக்கும். ஒன்றரைச் சாண். ரவையை மாற்றி அரைச் சாண் மிச்சம் பிடிக்கிறவன், கண்ணால் ஒன்றரைச் சாணைக் கோட்டைவிடுகிறான்.

கோட்டை என்றதும் நினைவு வருகிறது. போன ஆவணியில் அக்கா குடும்பம் வந்து நின்றபோது பின்னேரம் கோணேசர் கோயிலுக்கு எல்லாரும் நடந்துபோனோம். கோட்டைக்குள் நுழைந்தால் ஆலமரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் நிற்கும். திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் மான்கள் காட்டு மான்கள் மாதிரி இல்லை, ரோட்டில் ஓட்டோவுக்கு வழிவிடாத மான்கள். பெண்டுகளை முன்னால் போகவிட்டு நான் மருமகனை மறித்தேன்.

“அந்தக் கொம்பன் எவ்வளவு தூரம் சொல்லு.”

“120 யார் மாமா.”

என்னுடைய ஒரு கவடு இரண்டரை அடி. எண்ணிக்கொண்டு நடந்தேன். எண்பத்துநாலாவது கவட்டில் கொம்பன் என் கையில் இருந்த வாழைப்பழத் தோலுக்கு மூக்கை நீட்டியது. 70 யார்.

அது மர நிழலில் நின்ற மான். நிழலில் நிற்பது தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். அடுத்ததாக, வெயிலில் வெளியாக நின்ற பெட்டை ஒன்றைக் காட்டினேன். பையன் உஷாராகி, இந்த முறை குறைத்து 80 என்றான். நடந்து பார்த்தால் 130 யார். வெயில் பட்டுப் பளிச்சென்று நிற்பது பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். நடுவில் ஒன்றுமில்லாத வெளி என்றால் இன்னும் மோசம். உட்துறைமுகத்துக் கப்பலைப் பார்த்து, நீந்திப் போய்த் தொட்டுவிடலாம் என்று சின்ன வயதில் நாங்கள் பந்தயம் கட்டாததா? அல்பேர்ட்டாப் பனி வெளியும் அந்தத் தண்ணி மாதிரித்தான்.

லேசர் தூரமானி இருக்கிறதே மாமா என்றான். இருக்கிறது, வாங்கு, துவக்குக்கு முதலே வாங்கு. ஆனால் மான் எழும்பி ஓட வெளிக்கிடுகிற நேரம் பையைத் திறந்து அதைத் தேட நேரம் இருக்காது, கண் பழகியிருக்க வேணும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். இராணுவம் இருக்கிற கோட்டைக்குள் லேசர் கருவியைத் தூக்கி அங்கும் இங்கும் பிடிக்க எனக்கென்ன விசரா?

அந்தக் கொம்பன் வாழைப்பழத் தோலைச் சப்பிக்கொண்டு பக்கம் காட்டி நின்றது நல்ல வசதியாகப் போய்விட்டது. முன்னங்கால் முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே, கையை விரித்துக் காட்டினேன். உள்ளே நுரையீரல். மியூல் மானில் அந்த இடம் ஒரு சாண் விட்டமான வட்டம் என்று வைத்துக்கொள். “இதுக்குள்ள வைச்சால் நாலு எட்டு வைக்க முதல் விழும்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பூத்தட்டோடு போன ஒரு அம்மா நின்று என்னை முறைத்தா. “கோயிலுக்குப் போற வழியிலையோ உந்தக் கதை? வயசுக்கேத்த கதை கதையுங்கோ.” அதற்குப் பிறகு மலையடிவரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு சாண் வட்டத்தை வைத்துத்தான் என் முழுக் கணக்கும். 100 யாரில் குறிக்கு மூன்று அங்குலம் மேலே படும்படி 270ஐச் சரிசெய்து வை. 130 கிரெய்ன் சன்னம் நடுவில் எங்கும் நாலு அங்குலத்துக்கு மேலே ஏறாது, 280 யார் அளவில் குறியைத் தொடும், 300 யாரில் இரண்டு அங்குலமளவு தாழும். அதாவது மூக்குக்கு முன்னால் தொடங்கி 300 யார்வரைக்கும் வட்டத்தின் நடுவைப் பார்த்துச் சுட்டால் போதும். கணக்கும் வேண்டாம், தொலைநோக்கியைத் திருகவும் வேண்டாம். ஓகானரின் வாசகர்கள் கைக்கொண்ட பழைய முறை இது. மட்டமான ரவையால் கிடைக்கிற உண்மையான லாபமும் இதுதான்: 400 யாரில் வீரம் காட்டுவதற்கில்லை, 200 என்று நினைத்தது 260 ஆக இருந்தாலும் மான் தொடையில் அடிபட்டு ஓடாமல் இருப்பதற்கு. 300க்கு அந்தப் பக்கம் மனதில் அப்பாவின் தடியை நாட்டிக்கொள்.

காற்றைப் பற்றி ஒருவரும் கடையில் சொல்லமாட்டார்கள். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கிற நாளில் நிலாவெளியில் வள்ளம் விடுகிறவன் தீவைப் பார்த்து நேரே விடமாட்டான், காற்று தள்ளப்போகிற அளவுக்கு முன்கூட்டியே அணியத்தைத் திருப்பி வைப்பான். மணிக்கு பத்து மைல் காற்று குறுக்கே அடித்தால் 300 யாரில் 270இன் சன்னம் ஏழு அங்குலமளவு பக்கவாட்டில் போகும். தாழ்வதற்குச் சமனான அளவு! தாழ்வைத் தூரமானி சொல்லும், காற்றைச் சொல்ல இன்னும் புல்லின் அசைவுதான். அல்பேர்ட்டாப் புல்வெளியில் பத்து மைல் காற்றெல்லாம் அமைதியான நாள்.

இந்த இடத்தில் 6.5 கிரீட்மோருக்கு ஒரு கும்பிடு போடவேணும். 2007இல் ஹோர்னடி கொண்டுவந்தது. நியூயோர்க்கில் இருந்த பழைய கிரீட்மோர்ச் சூட்டுத் திடலின் பெயர். 1874இல் அயர்லாந்துக்காரரும் அமெரிக்கரும் போட்டிக்குச் சுட்ட இடம். நீண்டு மெலிந்த சன்னம், காற்றை நன்றாகக் கிழிக்கும். வேகம் 270ஐ விடக் குறைவு, ஆனால் காற்று தள்ளுவது ஐந்து அங்குலத்தோடு நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம் தோள். எட்டு இறாத்தல் துவக்கில் 7 மக்னத்தின் உதை இருபது அடி-இறாத்தலுக்கு மேல், 270 பதினேழளவு, 6.5 பன்னிரண்டளவு. காகிதத்தில் சின்ன எண்கள். புருவத்தில் பெரிய எண்கள்.

ஆனால் மூஸ் என்கிற பெரிய மான், எல்க் என்று போனால் எனக்குக் கொஞ்சம் கனமான சன்னம் இருந்தால்தான் நித்திரை வரும். அதிலும் ரவையின் பெயரை விடச் சன்னத்தின் கட்டுமானம்தான் முக்கியம். ஜோன் நொஸ்லர் என்ற ஆள் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் ஒன்றைச் சுட்டபோது, வேகமான சன்னம் தோளிலேயே சிதறி உள்ளே போகவில்லை. மனிதர் வீட்டுக்கு வந்து நடுவில் செம்புச் சுவர் வைத்த சன்னத்தைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி சுவரின் பாதுகாப்பில் உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்த பார்ட்டிஷன் அதுதான், இன்றைக்கும் விற்கிறது. மானுக்கு 130 கிரெய்ன் சாதாரண சன்னம், எல்க்குக்கு 150 கிரெய்ன் பார்ட்டிஷன், இதுதான் என் பெட்டி. இரண்டும் ஒரே இடத்தில் படாது, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கடதாசியில் சுட்டுப் பார்க்கவேணும். இராணுவப் பாணி விரியாத சன்னம் மலிவாகக் கிடைக்கும், தொடாதே. அல்பேர்ட்டாவில் அதனால் பெருவிலங்கு சுடுவது சட்டவிரோதம். நான் அங்கே இருந்த காலத்தில் 0.23 அங்குலத்துக்குக் குறைந்த ரவையும் கூடாது, அதனால் கூட்டாளியின் 223ஐ இரவல் வாங்கிக்கொண்டு போகிற யோசனையையும் விடு.

243 என்ற சின்ன ரவை மானுக்கு நல்லது, எல்க்குக்கு நான் சொல்லமாட்டேன். 30-06 எதற்கும் ஏலும், உதை 270ஐ விடக் கொஞ்சம் கூட. 308, 1952இல் வந்தது, கட்டையான கோது, எந்தச் சின்னக் கடையிலும் ரவை இருக்கும். கனடாவின் வடக்கில் இராணுவத்தின் ரேஞ்சர்கள் எழுபது வருடம் 303 லீ-என்ஃபீல்டைச் சுமந்துவிட்டு, பிறகு மாற்றியபோது எடுத்ததும் 308தான். துருவக் கரடிக்கு நடுவில் நிற்கிறவர்கள் பஷனுக்கு வாங்கமாட்டார்கள். பழையதை விரும்புகிறவனாக இருந்தால் 7×57 மௌசர் என்று ஒன்று, 1892இல் பிறந்தது. ஜிம் கோர்பெட் என்ற வேட்டைக்காரர் 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்குப் பரிசாகக் கிடைத்த றிக்பி துவக்கு அதே ரவைதான், இங்கிலாந்துக்காரர் 275 என்று பெயர் மாற்றி வைத்தார்கள். எனக்கு ஆசை இருந்தது, காசு இருக்கவில்லை.

ஆகவே தம்பி, அம்மா இதை வாசிக்கிற நேரம் கவனமாகக் கேள். நான் வாங்குவதென்றால் 270. ஆனால் கடைக்குப் போய் முதலில் துவக்கைப் பார்க்காதே, ரவைத் தட்டைப் பார். எந்தப் பெட்டி நாலைந்து விதமாக, கட்டுபடியான விலையில் அடுக்கியிருக்கிறதோ, 270, 308, 6.5 இந்த மூன்றுக்குள் அதை எடு. வருடத்தில் நூறு ரவையாவது சுடாதவனுக்கு எந்த ரவையும் மட்டமாய்ப் போகாது. மக்னம் என்று பெயரில் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில். வாங்கியதும் உன் கூட்டாளி ஒருவனைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போ. உனக்குத் தெரியாமல் நடுவில் வெறுங்கோது போட்டுத் தரச்சொல். ‘டிக்’ என்ற நேரம் குழல் முனையை வீடியோ எடுக்கச்சொல். அந்த வீடியோவை எனக்கு அனுப்பு, கோணாத முகத்தோடு பார்ப்பேன்.

இதை எழுதி வைத்து, போடாமல் ஒரு கிழமை கிடந்தது. அதற்குள் அவன் கடையிலிருந்து கூப்பிட்டான். 270 ஒரே ஒரு விதம்தான் இருக்காம். 6.5 தட்டு நிறைய. “எடடா” என்றேன். மனதுக்குள் கொஞ்சம் கவலைதான், மறைக்கவில்லை. கிழவர் இருந்தால் எனக்கு ஒரு பார்வை விட்டிருப்பார்.

நாலு பெட்டி வாங்கியிருக்கிறான், எண்பது ரவை. அறுபதைக் கடதாசியில் முடித்துவிட்டு மிச்ச இருபதை மட்டும் காட்டுக்குக் கொண்டுபோ என்று சொன்னேன். பதிலுக்கு இன்னும் வீடியோ வரவில்லை. பற்றுச்சீட்டின் படம் வந்திருக்கிறது, மொத்தத் தொகையைச் சிவப்பில் வட்டம் போட்டு.